ஆற்றுக்கு வராத போதகர்

பிலாய்
9.1.1994

பிரியமுள்ள அண்ணா,

கர்த்தருடைய கிருபையால் நானும் அவரும் லாவண்யாவும் சுகம். அண்ணிக்கு மூட்டுவலி தேவலையா? உனக்கு ஸ்தோத்திரம் என்று எழுதினால் கோபம் வரும். வணக்கம் என்று எழுத எனக்கு மனசு வரவில்லை. இரண்டையும் விட்டுவிட்டேன், பொறுத்துக்கொள்.

அப்பாவைப் பற்றி எழுதுகிறேன். இந்த வரியோடு கடிதத்தை மடித்து வைத்துவிடாதே. கால் இரண்டும் வீங்கி, பத்தடி நடந்தால் மூச்சு வாங்குகிறது என்று சபை உதவிக்காரர் சின்னதுரை எழுதியிருந்தார். தனக்குப் பிறகு சபையைப் பார்த்துக்கொள்ள ஒரு போதகர் வேண்டும் என்று அப்பா போன வருஷம் பாப்திஸ்து சங்கத்தில் சேர மனுப் போட்டார். மனுவில் ஒரு கேள்வி: சபையை ஆரம்பித்தவருக்கு ஞானஸ்நானம் கொடுத்தது யார்? 1956 நவம்பரில் கமண்டல நாகநதியில் ஒரு வெள்ளைக்காரப் போதகர் என்று, எப்போதும் சொல்வதையே அப்பா எழுதினார். பிறகு யாரோ சங்கத்துக்கு மொட்டைக் கடிதம் போட்டிருக்கிறார்கள். போதகர் ஆரணிக்கு வரவே இல்லை, கந்தசாமி தன்னைத் தானே முழுக்கிக்கொண்டார், ஆகவே அவர் முழுக்கின யாருடைய ஞானஸ்நானமும் செல்லாது என்று.

கண்ணால் கண்டவர் ஒருவர் எழுதித் தந்தால் போதும் என்கிறது சங்கம். இல்லாவிட்டால் இருபத்திரண்டு பேரும் மறுபடி முழுக வேண்டும். அப்பா இனி இராப்போஜனப் பந்தியில் அப்பம் பிட்கக் கூடாது. அன்றைக்கு ஆற்றங்கரையில் இருந்தவன் நீ ஒருவன்தான். போதகர் வந்தார் என்று இரண்டு வரி எழுதிக் கையெழுத்துப் போடு. சங்கத்தின் கேள்வி வந்த நாளிலிருந்து அப்பா எல்லாருக்கும் அப்பம் கொடுத்துவிட்டுத் தான் மட்டும் சாப்பிடாமல் எழுந்துவிடுகிறாராம்.

யார் எழுதியிருப்பார்கள் அண்ணா? உனக்கு யார்மேலாவது சந்தேகம் உண்டா?

உன் இரண்டு வரிக்குக் காத்திருக்கும்
தங்கை சாவித்திரி


ஆரணி
30.1.1994

அன்புள்ள சாவித்திரிக்கு,

நலம். சுபலட்சுமியின் மூட்டு அப்படியேதான் இருக்கிறது. அங்கே குளிர் அதிகம் என்று பேப்பரில் பார்த்தேன். லாவண்யாவைக் காலையில் வெளியே அனுப்பாதே.

அப்பா கொசப்பாளையத்தில் இருக்கிறார். நான் இரண்டு தெரு தள்ளி இருக்கிறேன். அவர் கால் வீங்கின செய்தி எனக்குப் பிலாய் வழியாக வருகிறது. இருபத்தாறு வருஷமாக அவர் தெருவைத் தவிர்த்துச் சுற்றிக்கொண்டுதான் பள்ளிக்கூடம் போகிறேன்.

நீ கேட்ட சாட்சி இது. எனக்கு ஒன்பது வயது. அப்பா அந்தப் போதகருக்கு மூன்று கடிதம் எழுதியிருந்தார். வருகிறேன் என்று பதில் வந்தது. குழந்தையாயிருக்கையில் தலையில் தெளிக்கிற தண்ணீர் ஞானஸ்நானம் ஆகாது, விசுவாசித்தவன் தானே கேட்டு முழுக வேண்டும் என்று அப்பாவுக்கு யாரும் போதிக்கவில்லை. சந்தையில் வாங்கின வேதாகமத்தைத் தறியில் உட்கார்ந்து படித்து அவராகவே கண்டுபிடித்தது. அன்று காலை என்னைக் கூட்டிக்கொண்டு ஆற்றுக்குப் போனார். வெள்ளம் வடிந்துகொண்டிருந்தது. உச்சிவேளை வரை நின்றோம். யாரும் வரவில்லை. அப்பா சட்டையைக் கழற்றி என்னிடம் கொடுத்தார், இறங்கினார், பிதா குமாரன் பரிசுத்த ஆவி என்று தானே சொல்லித் தானே முழுகினார். வீட்டுக்கு வந்து, போதகர் வந்து முழுக்கினார், வெள்ளத்துக்குப் பயந்து வீட்டுக்கு வராமல் அப்படியே திரும்பிவிட்டார் என்று அம்மாவிடம் சொன்னார். அடுத்த ஞாயிறு பதினொரு பேரை முழுக்கினார்.

வரலாறு கற்பிக்கிறவனிடம் கேட்டுவிட்டாய், வரலாறும் கேள். 1609, ஆம்ஸ்டர்டாம். இங்கிலாந்திலிருந்து ஓடிவந்த ஒரு சிறு கூட்டத்துக்கு ஜான் ஸ்மித் தலைவர். குழந்தை ஞானஸ்நானம் செல்லாது என்று முடிவுக்கு வந்தார். அப்படியானால் தனக்குக் கொடுக்கத் தகுதியானவர் யார்? யாரும் இல்லை என்று நினைத்துத் தன்மேல் தானே தண்ணீர் ஊற்றிக்கொண்டார், பிறகு மற்றவர்களுக்குக் கொடுத்தார். பாப்திஸ்துகளின் ஆரம்பம் அதுதான். சீக்கிரமே அவருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. அங்கே ஏற்கெனவே பெரியவர்களுக்கு மட்டும் ஞானஸ்நானம் கொடுத்து வந்த மெனோனைட்டுகளிடம் போய், நான் செய்தது தவறு, எங்களைச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்றார். அவருடைய நண்பர் தாமஸ் ஹெல்விஸும் ஒரு சிலரும் இதை ஒப்புக்கொள்ளாமல், தங்கள் குருவையே சபையிலிருந்து நீக்கினார்கள். மெனோனைட்டுகள் முடிவு சொல்வதற்குள் ஸ்மித் செத்துப்போனார்.

ஆனால் ஸ்மித் தான் செய்ததை மறைக்கவில்லை. நம் அப்பா மறைத்தார். நான் இரண்டு வரி எழுத முடியாது.

உடம்பைப் பார்த்துக்கொள்.
ஜெயச்சந்திரன்


பிலாய்
20.2.1994

பிரியமுள்ள அண்ணா,

எல்லாரும் சுகம். உங்கள் சுகத்துக்கு ஜெபிக்கிறேன், உனக்குப் பிடிக்காவிட்டாலும்.

ஆம்ஸ்டர்டாமைப் பற்றி ஒரு பக்கம் எழுதினாய். அப்பாவின் மூச்சு எப்படி இருக்கிறது என்று இரண்டு தெரு நடந்து பார்த்து எழுதவில்லை. போதகர் வரவில்லை என்றே வைத்துக்கொள். முப்பத்தெட்டு வருஷத்தில் அப்பா யாரை ஏமாற்றிச் சம்பாதித்தார்? தறிக்காரர்களும் களம்பூர்ப் பக்கத்துக் கூலிக்காரர்களும் ஒரே பந்தியில் ஒரே அப்பத்தைப் பிட்டுச் சாப்பிடுகிற இடம் அந்த ஊரில் வேறு எங்கே இருக்கிறது? களம்பூர்க் கன்னியம்மா அக்கா கிண்ணத்தில் குடித்துவிட்டு அம்மாவிடம் கொடுப்பாள், அம்மா அதே கிண்ணத்தில் குடிப்பாள். அதற்காக நம் சித்தப்பா வீட்டார் நம்மோடு பேச்சை நிறுத்தினது உனக்கு மறந்துவிட்டதா?

அது சிதறிவிடும் அண்ணா. அப்பா அதைப் பார்த்துக்கொண்டே சாவார்.

மொட்டைக் கடிதம் பற்றி நான் கேட்டதற்கு நீ பதில் எழுதவில்லை.

அன்புடன்
சாவித்திரி


ஆரணி
27.3.1994

அன்புள்ள சாவித்திரிக்கு,

பதில் தாமதம். பரீட்சைக் காலம். உங்கள் நலம் அறிய ஆவல்.

பந்தியை எனக்கு நினைவூட்டுகிறாய். அதில் எனக்கு இடம் போனது எப்படி என்று நான் உனக்கு நினைவூட்டுகிறேன். 1968. சென்னையில் எம்.ஏ. படிக்கும்போது நூலகத்தில் ஸ்மித்தின் கதையைப் படித்தேன். அப்பாவை அவமானப்படுத்த வேண்டும் என்று எனக்கு எண்ணமில்லை, சத்தியமாக இல்லை. முந்நூற்றைம்பது வருஷத்துக்கு முன் ஒரு பெரிய மனிதர் செய்ததை நம் அப்பா தறிமேட்டில் உட்கார்ந்து தானாகவே செய்திருக்கிறார் என்று பெருமையாக இருந்தது. சபைக் கூட்டத்தில் எழுந்து அதைச் சொன்னேன். அப்பா முகம் வெளுத்துவிட்டது. "இவன் பொய் சொல்றான். போதகர் வந்தாரு" என்றார்.

தகப்பனுக்கு விரோதமாகப் பொய்ச் சாட்சி சொன்னேன் என்று மறுநாளே சபை நீக்கம். நம் சபையில் ராஜா, பிஷப்பு கிடையாது. முழுகின ஒவ்வொருவருக்கும் தூக்க ஒரு கை, அது எழுபது வயதுக் கிழவனானாலும் பதினாறு வயதுப் பெண்ணானாலும். அப்பாவே எண்ணினார். பதினெட்டுக் கை. அம்மாவின் கை. அம்மாவுக்குப் பக்கத்தில், போன மாதம்தான் முழுகியிருந்த உன் கை.

உண்மை சொன்னதற்காக வெளியே தள்ளப்பட்டவனை, உள்ளே இருப்பவர்களுக்காகப் பொய் சொல்லச் சொல்கிறாய்.

லாவண்யாவின் படிப்பு எப்படி?
ஜெயச்சந்திரன்


பிலாய்
12.4.1994

அண்ணா,

சுகம்.

சங்கம் அந்த மொட்டைக் கடிதத்தின் நகலைச் சபைக்கு அனுப்பியிருக்கிறது. சின்னதுரை எனக்கும் ஒன்று அனுப்பினார். டைப் அடித்திருக்கிறது, பெயர் இல்லை. இரண்டாவது பத்தியில் 1609, ஆம்ஸ்டர்டாம், ஜான் ஸ்மித். ஆரணியில் அந்தப் பெயர் எத்தனை பேருக்குத் தெரியும்?

சாட்சிக் கடிதம் இனி கேட்கவில்லை. நான் யாரிடமும் எதுவும் சொல்லவுமில்லை. ஒன்று மட்டும் செய். போய் அப்பாவைப் பார்.

சாவித்திரி


ஆரணி
3.5.1994

அன்புள்ள சாவித்திரிக்கு,

நான்தான் எழுதினேன். மனுப் போட்டிருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டதும், மறுபடி ஒருமுறை அந்தப் பொய் காகிதத்தில் ஏறப்போகிறது என்று தாங்க முடியவில்லை. பெயர் போடாததற்கு என்னிடம் காரணம் இல்லை. கோழைத்தனம்தான்.

போனேன். கிளம்பும்போது சுபலட்சுமி, "இருவத்தாறு வருசமா தெரு சுத்திப் போயிகினு இருந்தீங்க. இன்னிக்கு நேராப் போங்க, செருப்பாவது மிச்சம்" என்றாள்.

அப்பா கட்டிலில் மூன்று தலையணையில் சாய்ந்திருந்தார். படுத்தால் மூச்சு முட்டுகிறதாம். என்னைப் பார்த்ததும், "வாடா மகாராசா. டைப்பு நீயே அடிச்சியா, கடையில குடுத்தியா?" என்றார்.

"கடையிலதான்."

"நல்லா அடிச்சிருக்கான். ஒரு தப்பு இல்ல. சின்னதுரை படிச்சிகினு வந்தான். ஆம்ஸ்டர்டாம்னு வந்ததும் போதும், நிறுத்துன்னுட்டேன்."

ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு வந்து வாசலிலாவது நில் என்றார். நின்றேன். அப்பாவை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு வந்து வைத்தார்கள். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"போதகர் வரல. நானேதான் முழுகினேன். வரலன்னு சொன்னா நீங்க யாரும் எங்கிட்ட முழுக வரமாட்டீங்கன்னு பயந்தேன். அத சொன்ன எம்புள்ளையப் பொய்யன்னு சொல்லி உங்கக் கையாலயே தள்ள வெச்சேன். அதே சட்டம்தான் எனக்கும். என்னை நீக்கணும்னு சொல்றவங்க கையத் தூக்குங்க."

ஒரு கையும் எழவில்லை.

"இன்னாண்ணா பேஜாரு பண்ற, மூச்சு வாங்குது பாரு, சும்மா இரு" என்றாள் கன்னியம்மா.

அப்பா நாற்காலிக் கையில் அடித்தார். "அன்னிக்கு அவனுக்குத் தூக்குனீங்களே! தூக்குங்க!"

"அன்னிக்கு நீ சொன்னே, தூக்குனோம். இன்னிக்கு நீ சொல்லியும் தூக்க மாட்டோம், போ."

அப்பா அழுதார். நான் பார்த்ததே இல்லை. நீ என்னை என்ன வேண்டுமானாலும் நினைத்துக்கொள். அந்த நேரத்தில் என் மனதில் ஓடினது இதுதான்: உண்மை சொன்ன எனக்குப் பதினெட்டுக் கை. பொய் சொன்னவருக்கு ஒன்று இல்லை.

எல்லாரும் சௌக்கியம்தானே?
ஜெயச்சந்திரன்


ஆரணி
10.5.1994

அன்புள்ள சாவித்திரிக்கு,

உன் பதில் வருவதற்குள் மறுபடி எழுதுகிறேன். ஒரு விஷயத்தில் உன் சம்மதம் வேண்டும்.

மே 29 ஞாயிறு சங்கத்துப் போதகர் வந்து எல்லாருக்கும் மறுபடி முழுக்குக் கொடுப்பதாக ஏற்பாடு. ஜெபவீட்டுத் தரையில் பலகைக்கு அடியில் இருக்கிற சிமெண்டுத் தொட்டியைக் கழுவி வைத்துவிட்டார்கள். ஆற்றில் மணல்தான் இருக்கிறது. லாரித் தண்ணீர் கொண்டுவர வேண்டும். அப்பா அதுவரை தாங்க மாட்டேன் என்கிறார். நேற்று முன்தினம் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஜெயா, நீ என்னை முழுக்கிடு."

"நான் சபையிலயே இல்ல. நம்பிக்கையும் இல்ல."

"அங்க இருக்கறவங்க எல்லாம் நான் முழுக்கினவங்க. அவங்கக் கை என் கைதான். அது திரும்ப எங்கிட்டயே வரும்."

"என்னையும் பதிமூணு வயசுல நீங்கதான் முழுக்கினீங்க. உங்களுது செல்லலன்னா என்னுதும் செல்லாது. மறுபடி அதே கதைதான்."

"சட்டம் பேசாதடா. தண்ணி இருக்கு, நீ இருக்கே. அன்னிக்கு யாரும் இல்ல. இப்ப நீ இருக்கே."

டாக்டரைக் கேட்டேன். தண்ணீரில் இறக்கினால் மூச்சு நின்றுவிடலாம், என் பொறுப்பில் சரி என்று சொல்ல மாட்டேன் என்றார். இப்படிப்பட்ட காரியத்தை நான் ஒருவனாக முடிவு செய்ய முடியாது. நீயும் மகள். சாவித்திரியைக் கேட்டு எழுதியிருக்கிறேன் என்று அப்பாவிடம் சொல்லிவிட்டேன். உன் பதில் வந்ததும் செய்யலாம்.

நலமாயிருங்கள்.
ஜெயச்சந்திரன்


பிலாய்
18.5.1994

அண்ணா,

கடிதம் இன்று காலை வந்தது. செய்துவிடு. உடனே செய். மூச்சு நின்றால் நிற்கட்டும், தண்ணீரில் நிற்கட்டும். டாக்டருக்கு இது புரியாது. உனக்குப் புரியும். ஏன் எட்டு நாள் தபாலில் விட்டாய்? தந்தி அடித்திருக்கக் கூடாதா?

இன்னொன்று. இதை இப்போது எழுதாவிட்டால் எப்போதும் எழுத மாட்டேன். 1968-இல், கூட்டத்தில் நீ சொன்ன அன்று ராத்திரி, அண்ணன் சொன்னது நிஜமா என்று அம்மாவைக் கேட்டேன். அம்மா சொல்லிவிட்டாள். யாரும் வரவில்லை, உங்கப்பா ஈரத் துணியோடு வந்து நின்றபோதே எனக்குத் தெரியும் என்றாள். மறுநாள் அம்மாவும் நானும் தெரிந்தேதான் தூக்கினோம். சின்னப் பெண் என்று நான் சாக்குச் சொல்ல மாட்டேன். சபையா அண்ணனா என்று வந்தது. சபையை எடுத்தேன்.

அப்பாவிடம் சொல், நான் சரி என்று சொன்னேன் என்று.

சாவித்திரி


ஆரணி
6.6.1994

அன்புள்ள சாவித்திரிக்கு,

தந்தி கிடைத்திருக்கும். அப்பா மே 21 சனிக்கிழமை பகல் பதினொன்றரைக்குப் போனார். உன் கடிதம் 25-ஆம் தேதி வந்தது.

தந்தி ஏன் அடிக்கவில்லை என்று கேட்டிருக்கிறாய். சாவுக்கு அடித்தேன் அல்லவா, தந்தி ஆபீஸ் இருக்கிற இடம் எனக்குத் தெரியும். பழைய பஸ் ஸ்டாண்டில் மூன்று எஸ்.டி.டி. பூத் இருக்கின்றன. உன் வீட்டுக்காரர் ஆபீஸ் நம்பர் என் டைரியில் இருக்கிறது. பத்து நிமிஷத்தில் உன்னைக் கேட்டிருக்கலாம். நீ என்ன சொல்வாய் என்பதும் எனக்குத் தெரியும். அதனால்தான் தபாலில் கேட்டேன். அவர் இருபத்தாறு வருஷம் என்னைக் காக்க வைத்தார், பத்து நாள் அவர் காத்திருந்தால் என்ன என்று நினைத்தேன். சாகட்டும் என்று நினைக்கவில்லை. காத்திருக்கட்டும் என்றுதான் நினைத்தேன்.

பள்ளிக்கூட விடுமுறை, தினமும் அங்கேயே இருந்தேன். தினமும் கேட்டார், "தபால்காரன் வந்துட்டானா? சாவித்திரி எழுதிட்டாளா?" சனிக்கிழமை காலையிலும் கேட்டார். நாளைக்கு வரும் என்றேன். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, தபால் கிடையாது என்று இரண்டு பேருக்கும் தெரியும். அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "சரிப்பா" என்றார்.

சபையார்தான் அடக்கம் செய்தார்கள். 29-ஆம் தேதி போதகர் வந்தார், சாந்தமான மனிதர். தொட்டி நிறைய லாரித் தண்ணீர். ஒருவரும் இறங்கவில்லை. கன்னியம்மா அவரிடம் சொன்னாள்: "அண்ணன யாரு முழுக்கினாங்கன்னு எனக்கு இன்னாத்துக்கு, ஐயா? நான் நம்பினேன், நான் கேட்டேன், நான் முழுகினேன். அவரு கையப் புடிச்சிகினாரு, அவ்ளோதான்." மனுவைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். ஹெல்விஸ் பக்கம் பக்கமாக எழுதி வாதாடினதும் கிட்டத்தட்ட இதைத்தான். கன்னியம்மாவுக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது.

நீ 1968 பற்றி எழுதினதைப் படித்தேன். எனக்குக் கோபம் வரவில்லை. வரும் என்று இரண்டு நாள் காத்திருந்து பார்த்தேன்.

உன் பதில் வேண்டும்.
ஜெயச்சந்திரன்


ஆரணி
24.7.1994

அன்புள்ள சாவித்திரிக்கு,

ஏழு வாரமாக உன்னிடமிருந்து ஒன்றும் இல்லை. லாவண்யா காலேஜ் சேர்ந்துவிட்டதாகச் சின்னதுரை மூலம் கேள்விப்பட்டேன். அவருக்கு எழுதுகிறாய், சந்தோஷம்.

போன ஞாயிறு சபையில் என் பெயரை மறுபடி சேர்த்தார்கள். உண்மை சொன்னவனைத் தவறாக நீக்கிவிட்டோம் என்று தீர்மானம். என்னைக் கூப்பிட்டனுப்பினார்கள். இருபத்திரண்டு கை. இதற்காகத்தான் நான் இருபத்தாறு வருஷம் தெருவைச் சுற்றிப் போனேன்.

நான் எழுந்து எல்லாவற்றையும் சொன்னேன். மொட்டைக் கடிதம், டாக்டர், தபால், ஞாயிற்றுக்கிழமை. மூன்று பூத்தையும் சொன்னேன். சொல்லிவிட்டு, இப்போது என்னை நீக்க வேண்டும் என்பவர்கள் கையைத் தூக்குங்கள் என்றேன்.

ஒருவரும் தூக்கவில்லை. சின்னதுரை தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கன்னியம்மா பக்கத்தில் இடம் விட்டு நகர்ந்து, "உக்காருப்பா, ஜல்தி, அப்பம் காஞ்சிப் போவுது" என்றாள். வெளியே வந்துவிட்டேன். இன்றும் போகவில்லை.

அப்பா நாற்காலியில் அடித்துக்கொண்டு தூக்குங்கள், தூக்குங்கள் என்று கத்தினபோது நான் வாசலில் நின்று கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் எதற்குக் கத்தினார் என்று எனக்கு இப்போதுதான் தெரிகிறது.

உன் பெயர் இன்னும் இங்கே பட்டியலில் இருக்கிறது. நீ வேறு சபைக்கு மாறவில்லை. சட்டப்படி உனக்கு ஒரு கை உண்டு. எனக்குக் கடிதம் எழுத வேண்டாம், மன்னித்தேன் என்று எழுதவே வேண்டாம். ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு வா. அத்தனை பேருக்கும் நடுவில் எழுந்து எனக்கு எதிராகத் தூக்கு. நீ ஒருத்தியாவது தூக்கினால் நான் எங்கேயாவது உட்கார முடியும் என்று தோன்றுகிறது.

வரும் தேதியைச் சின்னதுரைக்கு எழுதினால் போதும். ஸ்டேஷனுக்கு நான் வரவில்லை.

அண்ணன்
ஜெயச்சந்திரன்